நண்பகல் வெயிலில் நின்றுபோகும் மின்விசிறி

திருச்சிக்குப் பக்கத்து லால்குடியில் மொட்டைமாடியில் சோலார் போட்டவர்களுக்கு முதல் கோடையிலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். சித்திரை மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஏதோ கோளாறு, ஈ.பி. லைன் போய்விட்டது. தெருவில் உள்ள எல்லா வீட்டிலும் ஃபேன் நிற்கிறது. சோலார் போட்ட வீட்டிலும் நிற்கிறது. "மூணு கிலோவாட் போட்டிருக்கோம், தலைக்கு மேல வெயில் கொளுத்துது, எங்க வீட்ல ஏங்க கரண்ட் இல்ல?" என்று லைன்மேனைக் கேட்பார்கள். அவர் கம்பத்தில் ஏறும் அவசரத்தில், "லைன் வந்தாதாங்க உங்களுக்கும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால், பக்கத்துப் பூவாளூரிலும் ஆங்கரையிலும்கூட இந்தக் கேள்வி இப்போது சாதாரணமாகிவிட்டது. லைன்மேன் சொன்ன பதில் சரியானது. அதை விளக்கப் புகுந்தால், நிலக்கரியா சூரியனா என்று நாடெங்கும் நடக்கும் வாதத்தின் உள்ளே போய் நிற்போம். "காற்றையும் வெயிலையும் நம்பினால் கரண்ட் போகும், நிலக்கரிதான் நம்பகமானது" என்கிறது ஒரு தரப்பு. "அதெல்லாம் பழைய கதை" என்கிறது மறுதரப்பு. இரண்டு தரப்பும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று அந்த மொட்டைமாடியில் இருக்கிறது.

பலகைக்குத் தெரியாதது

சோலார் பலகையிலிருந்து வருவது நேர்மின்சாரம், அதாவது பேட்டரியில் இருப்பதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஈ.பி. கம்பியில் ஓடுவது மாறுமின்சாரம். அது நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்காகச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். அதுதான் சோலார் இன்வெர்ட்டர்.

நம் வீடுகளில் மாட்டப்படும் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் சொந்தமாக அந்த ஐம்பதை உண்டாக்குவதில்லை. ஈ.பி. கம்பியில் மின்சாரம் எந்த நொடியில் ஏறுகிறது, எந்த நொடியில் இறங்குகிறது என்று பார்த்து, அதே ஏற்ற இறக்கத்தோடு தன் மின்சாரத்தைச் சேர்த்துவிடுகின்றன. இவற்றைப் 'பின்தொடரும் இன்வெர்ட்டர்' என்று சொல்லலாம். கம்பியில் மின்சாரமே இல்லையென்றால் பின்தொடர எதுவும் இல்லை. அதனால் ஓரிரு நொடிக்குள் அது தன்னை நிறுத்திக்கொள்கிறது.

நிறுத்தியே ஆக வேண்டும் என்பது சட்டமும்கூட. லைன்மேன் மேலே நின்று கம்பியைத் தொடும்போது, கீழே ஏதோ ஒரு வீட்டுச் சோலார் அந்தக் கம்பிக்குள் மின்சாரம் செலுத்தினால் அவர் உயிர் போய்விடும். ஆக, ஃபேன் நிற்பதில் ஒரு பாதி லைன்மேனின் பாதுகாப்புக்காக. மறுபாதிதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்: பின்தொடர்கிறது என்றால், யாரை?

ஐம்பது

மேட்டூர் அனல் மின்நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு இருக்கின்றன. தூத்துக்குடியில் அதே அளவில் ஐந்து. நிலக்கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுற்றவைக்கிறார்கள். சுழலியோடு ஒரே அச்சில் மின்னாக்கியின் சுழலும் பகுதியும் சேர்ந்து சுற்றுகிறது. வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று, நொடிக்குச் சரியாக ஐம்பது. உங்கள் வீட்டுச் சுவிட்ச் போர்டில் இருக்கும் ஐம்பது, அங்கே சுற்றும் இரும்பின் வேகம்தான்.

மேட்டூரில் ஐம்பது, தூத்துக்குடியில் நாற்பத்தொன்பது என்று இருக்க முடியாது. ஒரே கம்பிவலையில் இணைந்த இயந்திரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மின்விசையால் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்று பின்தங்கினால் மற்றவை அதை இழுத்துக்கொண்டு வரும். இப்படி இணைந்த வலையைத்தான் மின்தொகுப்பு என்கிறோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் உயரழுத்தப் பாதை வழியாகத் தென்னிந்தியத் தொகுப்பு மற்ற பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஒரே துடிப்பு. இதை அதிர்வெண் என்பார்கள்.

மின்தொகுப்பில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டி கிடையாது. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவும் இந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். செலவு கூடினால் இயந்திரங்களுக்குச் சுமை ஏறி வேகம் குறையும். உற்பத்தி கூடினால் வேகம் ஏறும். பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்சுமை மையத்திலும் சென்னையில் உள்ள மாநில மையத்திலும் இரவு பகலாக உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது இந்த ஒற்றை எண்ணைத்தான். அது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு குறுகலானது என்பதைப் பாருங்கள்: ஆயிரத்தில் மூன்று பங்கு.

இருநூற்று முப்பத்து மூன்று யூனிட்

டெல்டாவில் பம்புசெட்டுக்குக் கரண்ட் வராத காலத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டியவர்களுக்கு அதன் பக்கவாட்டில் உள்ள கனமான இரும்புச் சக்கரத்தைத் தெரியும். இன்ஜினில் எரிபொருள் விட்டுவிட்டுத்தான் வெடிக்கும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் பம்பு நிற்காமல் ஓடுவது அந்தச் சக்கரம் சுற்றிய வேகத்தால். மின்நிலையத்தில் சுற்றும் இரும்பும் அப்படித்தான். நீராவி நொடிநேரம் குறைந்தாலும், சுற்றும் கனமே கொஞ்ச நேரம் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நம் பள்ளிப் பாடப்புத்தகம் நிலைமம் என்று சொல்வது இதையே.

எவ்வளவு நேரம்? இந்த வகை இயந்திரங்களில் ஏறத்தாழ நான்கு நொடி. அதாவது, நீராவியை முழுவதும் மூடிவிட்டு, சுற்றும் இரும்பின் ஆற்றலை மட்டும் கறந்தால், 210 மெகாவாட்டை நான்கு நொடிக்குக் கொடுக்கலாம். அதை நாம் ஈ.பி. கார்டில் பார்க்கும் யூனிட்டாக மாற்றினால் சுமார் 233 யூனிட் வருகிறது. லால்குடியில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு வரும் ரீடிங்கே இந்த அளவுக்கு இருக்கும்.

அவ்வளவு பெரிய இயந்திரம், அவ்வளவு டன் இரும்பு, அவ்வளவு வேகம். அதில் சேர்ந்திருப்பதோ ஒரு வீட்டின் இரண்டு மாதக் கணக்கு. 'நிலக்கரி நம்பகமானது' என்று சொல்பவர்களின் வாதத்தில் அறிவியல் ரீதியாக வலுவான பகுதி இந்த 233 யூனிட்தான். ஆற்றலின் அளவு சிறிது. ஆனால் யாரும் பொத்தானை அழுத்தாமல், யாரும் உத்தரவு போடாமல், தேவைப்பட்ட அதே கணத்தில் வெளியே வருகிறது. அதன் மதிப்பு அதில் இருக்கிறது.

ஒன்று விழும்போது

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனையாக ஒரு சின்ன மின்தொகுப்பு. 210 மெகாவாட் நிலக்கரி அலகுகள் பத்து, எல்லாம் முழு அளவில் ஓடுகின்றன. திடீரென்று ஒன்றில் கொதிகலன் குழாய் வெடித்து அந்த அலகு நின்றுவிடுகிறது. மீதி ஒன்பது.

செலவு குறையவில்லை. ஃபேன்களும் மோட்டார்களும் அதே 2,100 மெகாவாட்டைக் கேட்கின்றன. ஒவ்வொரு நொடியும் 58 யூனிட் பற்றாக்குறை. அது எங்கிருந்து வரும்? ஒன்பது இயந்திரங்களின் சுழற்சியில் சேர்ந்திருக்கும் 2,100 யூனிட்டிலிருந்து. ஒரு நொடியில் அதில் ஏறக்குறைய மூன்று சதவீதம் கரைகிறது. ஆற்றல் மூன்று சதவீதம் குறைந்தால் வேகம் ஒன்றரை சதவீதம் குறையும். ஐம்பது, ஒரே நொடியில் 49.3 ஆகிவிடுகிறது.

இதற்குள் என்ன செய்ய முடியும்? நிலக்கரி நிலையத்தில் வேகம் குறைந்ததை உணர்ந்து நீராவி வால்வு தானாகத் திறக்கும். அதற்குச் சில நொடிகள் வேண்டும். கூடுதல் நிலக்கரி போட்டு நெருப்பைக் கூட்ட நிமிடங்கள் வேண்டும். அதற்குள் அதிர்வெண் 49.4-க்குக் கீழே போய்விட்டால், துணைமின்நிலையங்களில் உள்ள ரிலேக்கள் தாமாகவே சில ஃபீடர்களை, அதாவது ஊர்ப்பக்கம் போகும் மின்பாதைகளை, துண்டிக்கும். 49.2, 49.0, 48.8 என்று படிப்படியாக இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டிக்கும். ஒரு தாலுகாவுக்கு இருட்டு, மாநிலத்துக்கு வெளிச்சம் என்ற ஏற்பாடு அது. துண்டிக்காமல் விட்டால், வேகம் குறைந்த இயந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக விலகி, எல்லாமே இருண்டுபோகும்.

இப்போது அதே தொகுப்பில் பாதியைச் சூரியனுக்கு மாற்றுவோம். ஐந்து நிலக்கரி அலகுகள், ஐந்துக்கு ஈடான சோலார். நண்பகல். மறுபடியும் ஒரு நிலக்கரி அலகு விழுகிறது. மிச்சம் சுற்றுவது நான்கு. சோலார் பலகையில் சுற்றும் இரும்பு கிடையாது. ஆகவே சேமிப்பு 930 யூனிட்தான், பற்றாக்குறை முன்போலவே நொடிக்கு 58. முதல் நொடியிலேயே அதிர்வெண் ஒன்றரை இறங்கி 48.4 ஆகிவிடும். 49.4 என்ற கோட்டைத் தொட அரை நொடிகூட ஆகாது. வால்வு திறக்க நேரமே இல்லை.

நிலக்கரி தரப்பு சொல்லும் பயம் இதுதான். இந்தக் கணக்கில் தப்பில்லை.

ஆனால் கணக்கை இங்கேயே நிறுத்துவது தப்பு. அந்தத் தொகுப்பில் 210 மெகாவாட் பேட்டரி ஒன்றை வையுங்கள். அதன் இன்வெர்ட்டர் அதிர்வெண் இறங்குவதைக் கண்டு ஒரு நொடியின் சின்னப் பங்குக்குள் முழு அளவையும் கொடுத்துவிடும். நீராவி வால்வைவிட, நெருப்பைவிட, எந்த நிலக்கரி நிலையத்தையும்விட வேகமாக. அதிர்வெண் 49.7 பக்கத்திலேயே நின்றுவிடும். உண்மையில் இந்தியத் தொகுப்பு என் கற்பனைத் தொகுப்பைப் போல நூறு மடங்குக்கு மேல் பெரியது. 2024 மே மாதக் கடைசியில் நாட்டின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவு பெரிய வலையில் கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அலகு ஒன்று நின்றாலும் நம் வீட்டு விளக்கு சிமிட்டாது. பெரிய தொகுப்பு என்பதே ஒரு பாதுகாப்பு.

இன்னொரு வழியும் உண்டு. பின்தொடராமல், தானே ஐம்பதை உண்டாக்கும் இன்வெர்ட்டர்கள். இதைப் புதிய தொழில்நுட்பம் என்று பேசுகிறார்கள். மின்தொகுப்பு அளவில் புதிதுதான். ஆனால் 2012 மின்வெட்டின்போது லால்குடியில் கடன் வாங்கியாவது வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த யூ.பி.எஸ். செய்வது அதே வேலை. ஈ.பி. இல்லாதபோது அந்தப் பெட்டி பேட்டரியிலிருந்து தானே ஐம்பது அதிர்வை உண்டாக்கி ஃபேனை ஓட்டுகிறது. மொட்டைமாடி சோலாரோடு அப்படிப்பட்ட இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் சேர்த்து, லைன் போனதும் வீட்டை மட்டும் தனியே பிரித்துக்கொள்ளும் அமைப்பை வைத்தால், லைன்மேனுக்கும் ஆபத்தில்லை, மதியம் ஃபேனும் ஓடும். செலவு கூடும், அவ்வளவுதான்.

சுற்றுவதற்கு நிலக்கரி தேவையில்லை

சுற்றும் இரும்பு வேண்டும் என்பது வேறு, நிலக்கரி வேண்டும் என்பது வேறு. காவிரி நீரில் மேட்டூர் அணையில் சுற்றும் சுழலிக்கும் நிலைமம் உண்டு. கல்பாக்கத்தில் அணுசக்தியில் சுற்றுவதற்கும் உண்டு. லால்குடிக்குப் பக்கத்தில் காட்டூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து நீராவிச் சுழலி ஓட்டுகின்றன. அதுவும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்தான், அதிலும் இரும்பு சுற்றுகிறது.

எரிபொருளே இல்லாமல் வெறுமனே சுற்றவைத்து நிலைமத்தை மட்டும் பெறவும் முடியும். மின்தொகுப்பிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் வாங்கி, கனமான இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டே வைத்திருப்பது. தென் ஆஸ்திரேலியாவில் 2021-ல் இப்படி நான்கு இயந்திரங்களை நிறுவினார்கள். ஓய்வு பெறும் நிலக்கரி நிலையங்களின் மின்னாக்கியை இப்படி மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. நம் ஊர்ப் பழைய அலகுகளை மூடும்போது இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் முன் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பழி யார் மேல்?

2012 ஜூலை 30 அதிகாலையில் வட இந்தியா இருண்டது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று தொகுப்புகளும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. அன்று அந்தத் தொகுப்பில் சோலார் என்று சொல்லும்படி எதுவுமில்லை, முக்கியமாக நிலக்கரியும் நீர்மின்சாரமும்தான். பினா – குவாலியர் பாதையில் அளவுக்கு மீறிய சுமை ஏறி அது துண்டிக்கப்பட்டதில் தொடங்கியது எல்லாம். சுற்றும் இரும்பு ஏராளமாக இருந்தும் காப்பாற்றவில்லை. தென்னிந்தியா தப்பியது, அப்போது நாம் அவர்களோடு ஒரே துடிப்பில் இணையாமல் இருந்ததால்.

2016 செப்டம்பர் 28 அன்று தென் ஆஸ்திரேலியா முழுவதும் இருண்டபோது காற்றாலைகள் மேல் பழி வந்தது. புயலில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் திரும்பத் திரும்பச் சரிந்தபோது, காற்றாலைகள் பலவற்றின் பாதுகாப்பு அமைப்பு அவற்றை நிறுத்திவிட்டது. பழியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் குற்றம் காற்றில் இல்லை, மென்பொருளில் போட்டிருந்த ஓர் அமைப்பில் இருந்தது. அதை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. 2017 டிசம்பர் 14 அன்று பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் 560 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று விழுந்தபோது, எங்கோ தொலைவில் இருந்த இந்தப் பேட்டரி உடனே மின்சாரம் செலுத்தத் தொடங்கியது. அது கொடுத்த அளவு சிறியது. அதன் வேகத்தால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டபோது 'சோலாரால் வந்த வினை' என்று உடனே எழுதினார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு: மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியதும், அதை அடக்கும் பொறுப்பில் இருந்த வழக்கமான மின்நிலையங்கள் சரிவர அடக்காததும். சோலார் நிலையங்களும் அந்த வேலையில் கைகொடுக்கலாம். அன்றைய ஸ்பெயின் விதிமுறை அவற்றிடம் அதைக் கேட்கவில்லை.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, நம்பகம் என்பது எரிபொருளோடு ஒட்டிய குணமில்லை என்று தெரிகிறது. அது பல வேலைகளின் தொகுப்பு. அதிர்வெண்ணைப் பிடிப்பது ஒரு வேலை, மின்னழுத்தத்தைப் பிடிப்பது இன்னொன்று, உச்ச நேரத்தில் கூடுதலாகக் கொடுப்பது மூன்றாவது. நிலக்கரி நிலையம் இவற்றையெல்லாம் மின்சாரம் விற்கும்போதே கேட்காமல், தனிக் கூலியில்லாமல் செய்துவந்தது. அதன் இடத்தில் வேறொன்று வரும்போது, ஒவ்வொரு வேலையையும் பெயர் சொல்லி யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், அதற்குக் காசும் கொடுக்க வேண்டும். ஒப்படைக்க மறந்தால் இருட்டு வரும்.

லால்குடியில் கரண்ட் போவது எதனால்?

இவ்வளவும் பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உள்ளூர் வாசகர் கோபிப்பார். அவர் வீட்டில் கரண்ட் போகும்போது பெரும்பாலும் அது மின்தொகுப்பின் தவறே அல்ல. மாதாந்திரப் பராமரிப்பு என்று பத்திரிகையில் ஊர்ப்பெயர் வரிசையாகப் போட்டுக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நிறுத்துவது, மரக்கிளை உரசுவது, டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போவது, ஒரு பேஸ் மட்டும் போய் த்ரீ பேஸ் மோட்டார் எரிவது: எல்லாம் கடைசி சில கிலோமீட்டர் கம்பியில் நடப்பவை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மின்நிலையங்களில் மின்சாரத்துக்குக் குறைவில்லை. கொண்டுவரக் கம்பம்தான் இல்லை. நிலக்கரி, சோலார் வாதத்தில் செலவாகும் சூட்டில் கொஞ்சம் இந்தக் கம்பிகளின் மேல் விழுந்திருந்தால் நமக்கு நல்லது நடந்திருக்கும்.

விதிவிலக்கு, 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன அந்த மின்பஞ்சம். சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில நாள் பதினான்கு மணி நேரம். தேவை வளர்ந்த வேகத்துக்குப் புதிய நிலையங்கள் வரவில்லை, வடக்கிலிருந்து கொண்டுவரப் போதிய பாதையும் இல்லை. காற்று அடித்த மாதங்களில் வெட்டு தளர்ந்தது, காற்று ஓய்ந்ததும் இறுகியது. சோலாரை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இதே அனுபவத்தைத் தத்தம் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும்

இந்த மழை மாதங்களில்தான் உண்மையான கடினம். நொடிக்கணக்கிலான சிக்கலுக்குப் பேட்டரி விடை சொல்லிவிட்டது. மாலை ஆறரைக்கு வெயில் போய், விளக்கும் ஏசியும் ஒன்றாக எரியும் நான்கு மணி நேரத்துக்கும் பேட்டரி விடை சொல்லத் தொடங்கிவிட்டது. ஆனைமலைத் தொடரில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1987 முதலே அந்த வேலையைச் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை கொடுக்கும்.

ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாரம் தொடர்ந்து மூடிக்கிடந்தால்? தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சோலாரும் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆடிக்காற்று வலுத்த நாளில் காற்றாலைகள் மட்டுமே 5,000 மெகாவாட்டுக்கு மேல் கொடுக்கின்றன. ஐப்பசியில் காற்றும் ஓய்ந்து, வானமும் மூடினால் அந்த இரண்டும் சேர்ந்து சொற்பம்தான். நான்கு மணி நேரப் பேட்டரி ஏழு நாளுக்குத் தாங்காது. நல்லவேளையாக அந்த மாதங்களில் தேவையும் குறைவு. 2024 மே 2 அன்று தொட்ட 20,830 மெகாவாட் உச்சத்தோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இந்த இடைவெளிக்கு இன்று கையிலிருப்பது நிலக்கரி, அணு, நீர், வெளிமாநில மின்சாரம். அதில் பெரிய பங்கு நிலக்கரிக்கு. இன்னும் பல ஆண்டுகளுக்கு இப்படியே இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆண்டு முழுவதும் எரிப்பதற்காக இல்லாமல், அந்த வாரங்களுக்காகத் தயாராக வைத்திருக்க.

நிலக்கரியும் எப்போதும் கையில் இருக்கும் பொருள் இல்லை. நம் நிலையங்களுக்கு வருவதில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து ரயிலில் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. 2022 ஏப்ரலில் நாடு முழுவதும் கையிருப்பு குறைந்து மின்வெட்டு வந்தது. வெயில் உச்சத்தில் இருந்த மாதம் அது.

நிலக்கரிக்கான விலை வேறு வகையிலும் கொடுக்கப்படுகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும், சேத்தியாத்தோப்பு கிழக்கும், வடசேரியும் பழுப்பு நிலக்கரித் தொகுதிகளாக இருந்தன. டெல்டா கொதித்த பிறகு நீக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில் சுரங்கத்துக்காகக் கதிர் வரும் பருவத்து நெல்வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த விவசாயி யாரும் மறந்திருக்க மாட்டார். மறுபக்கம், திருவெறும்பூரில் 1965-லிருந்து இயங்கும் பெல் ஆலை நாட்டின் அனல் மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து கொடுத்துத்தான் வளர்ந்தது. துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் அதை நம்பிய வெல்டிங் பட்டறைகள் ஆர்டர் குறைந்தபோது பட்ட பாட்டைத் திருச்சி அறியும். நிலக்கரியைக் குறைக்கச் சொல்லும் எவரும் அந்தப் பட்டறைக்காரருக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

ராத்திரி பம்புசெட்

விவசாயப் பம்புசெட்டுக்குக் கட்டணமில்லா மின்சாரம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உண்டு. ஆனால் த்ரீ பேஸ் மின்சாரத்தை நெடுங்காலம் முறைவைத்தே விட்டார்கள், பகலில் சில மணி, நள்ளிரவில் சில மணி. வாய்க்கால் பாசனம் எட்டாத மேட்டுப் பக்கத்து விவசாயி இரவு ஒரு மணிக்கு டார்ச் லைட்டோடு எழுந்துபோய் மோட்டார் போட்டதற்கு அவருடைய வசதி காரணமில்லை. இருட்டில் வரப்பில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இதற்கும் நிலக்கரிக்கும் என்ன தொடர்பு?

நிலக்கரி நெருப்பை ராத்திரிக்கு அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது. பாதிக்குக் கொஞ்சம் மேல்வரைதான் அதைத் தணிக்கலாம், 2016-ல் வந்த மத்திய விதி 55 சதவீதம் என்றது. ஊர் தூங்கும் நேரத்தில் அந்தக் கட்டாய உற்பத்தியை வாங்க ஆள் வேண்டும். பம்புசெட் அந்த ஆள் ஆயிற்று. விவசாயியின் தூக்கம்தான் கொதிகலனைச் சூடாக வைத்திருந்தது என்று சொன்னாலும் மிகையில்லை.

இன்று மின்சாரம் மிஞ்சும் நேரம் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு நகர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின்இணைப்புகள் உள்ளன. ஒன்றுக்கு ஐந்து குதிரைத்திறன் என்று வைத்தால், எல்லாம் ஒன்றாக ஓடினால் 7,000 மெகாவாட்டைத் தாண்டும். ஒன்றாக ஓடுவதில்லைதான். ஆனாலும் அந்தச் சுமையில் எவ்வளவு பகல் பத்திலிருந்து மூன்றுக்குள் வருகிறதோ, அவ்வளவு சோலாருக்குப் பேட்டரியே தேவையில்லை. வயலுக்குத் தண்ணீர் இந்த மணிக்கே வேண்டும் என்பதில்லை. இன்று பாய்ந்தால் போதும். மகாராஷ்டிரத்தில் 2017-லிருந்து இதற்கென்றே ஊர்ப்பக்கம் சின்னச் சோலார் நிலையங்கள் வைத்து, விவசாய ஃபீடருக்குப் பகல் மின்சாரம் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. 2019-ல் வந்த மத்திய அரசின் குசும் திட்டத்திலும் ஃபீடரையே சூரிய மயமாக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது.

இதற்கு முதலில் வேண்டியது, வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் ஒரே கம்பியில் போகும் ஃபீடர்களைப் பிரிப்பது. அது துணைமின்நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவில் கம்பம் நட்டு, கம்பி இழுத்துச் செய்ய வேண்டிய வேலை. மின்துறையின் செலவுப் பட்டியலில் புதிய மின்நிலையத்துக்குக் கிடைக்கும் முன்னுரிமை இந்த வேலைக்கு இன்னும் கிடைக்கவில்லை.